பணி ஆணைக்குப் பிறகு: புதிய ஆசிரியருக்கு ‘வழிகாட்டி’ என்றால் என்ன?

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து, ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற பேச்சு ஓயவில்லை. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களில், ஓய்வு பெற இன்னும் 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் ‘டெட்’ தேர்ச்சி பெற வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இந்தப் பேச்சுக்கு நடுவே வேறு சில சொற்களும் காதில் விழுகின்றன: தேசிய வழிகாட்டல் இயக்கம், மென்டர், இண்டக்‌ஷன், தொழில்முறைத் தரநிலைகள். இவையெல்லாம் இன்னொரு தேர்வா, இன்னொரு பயிற்சி வகுப்பா, சம்பளத்தோடு தொடர்புள்ளவையா என்று பலர் குழம்புகிறார்கள்.

தகுதித் தேர்வு என்பது வாசலில் நிற்கும் காவல். யார் உள்ளே வரலாம் என்று அது சொல்லும். உள்ளே வந்தவருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பது தனி விஷயம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. பணிமுன் பயிற்சி: வேலைக்கு வருவதற்கு முன் படிப்பது. பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு எல்லாம் இதில் வரும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பின் கடைசி ஓராண்டு முழுவதும் பள்ளியில் கட்டுறு பயிற்சியாக (இன்டர்ன்ஷிப்) போகிறது. எத்தனை வாரமானாலும் இது வேலைக்கு முந்திய கட்டம்தான். வகுப்பின் முழுப் பொறுப்பு அப்போது பயிற்சி மாணவருடையது அல்ல.

2. தகுதிகாண் பருவம்: பேச்சு வழக்கில் ‘ப்ரொபேஷன்’. தமிழ்நாட்டு அரசுப் பணியில் பொதுவாக 2 ஆண்டு. இது பணி விதி சார்ந்த சொல். இந்தக் காலத்தில் ஒருவரின் பணி திருப்தியாக இருந்தால் நிலைப்படுத்துவார்கள். அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற கடமை எதுவும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘இண்டக்‌ஷன்’ என்பதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்வதே அதிகம்.

3. பணியிடைப் பயிற்சி: வேலையில் இருக்கும் எல்லோருக்கும் உரியது. அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் நடக்கும் கூட்டங்கள், மத்திய அரசு 2019இல் தொடங்கிய ‘நிஷ்டா’ பயிற்சி, எண்ணும் எழுத்தும் பயிற்சிகள் போன்றவை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. நேற்று சேர்ந்தவரும் 25 ஆண்டு பணி முடித்தவரும் ஒரே அறையில் ஒரே பவர்பாயிண்டைப் பார்ப்பது இந்த வகையில்தான்.

4. பணிநுழைவு ஆதரவு: ‘இண்டக்‌ஷன்’ என்பது இதுதான். முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் புதியவருக்கு மட்டும் தரப்படும் உதவிகளின் தொகுப்பு. குறைந்த பாடவேளை, ஒரு வழிகாட்டி ஆசிரியர், என்ன கற்றுக்கொள்வது என்பதற்கு ஒரு வரிசை, அடிக்கடி வகுப்பைப் பார்த்து உரையாடல். நாலும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

5. வழிகாட்டி ஆசிரியர்: ‘மென்டர்’. மேலே சொன்ன தொகுப்பின் ஒரு பகுதி. அவர் மட்டும் இருந்து மற்ற மூன்றும் இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## முதல் நாளே முழுச் சுமை

எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராக இருக்கிறார். ‘ஹவுஸ் சர்ஜன்’ என்று நாம் சொல்வது. சட்டம் படித்தவர் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து வாய்தா வாங்குவதிலிருந்து தொடங்குகிறார். தமிழ்நாட்டில் இளநிலை உதவியாளர் வேலைக்குச் சேருபவரைக்கூட பவானிசாகருக்கு அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

ஆசிரியருக்கும் நியமனத்தை ஒட்டிச் சில நாள் பயிற்சி தருவது உண்டு. அது முடிந்து பள்ளியில் சேர்ந்த அன்றே, 20 ஆண்டு அனுபவமுள்ளவர் சுமக்கும் அதே கால அட்டவணை அவர் கைக்கு வந்துவிடுகிறது. பல பள்ளிகளில் அதைவிடச் சிரமமானது வருகிறது. மூத்தவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பிரிவும், மதிய உணவுக்குப் பிந்திய பாடவேளைகளும் புதியவருக்குத்தான். பொது மாறுதல் கலந்தாய்வில் மூத்தவர்கள் இடம் தேர்ந்த பிறகு மிஞ்சுகிற ஊர்தான் பெரும்பாலும் அவருடைய ஊர். கற்பித்தல் மிகக் கடினமாக இருக்கும் இடத்துக்கு, கற்பித்துப் பழகாதவரை அனுப்புகிறோம். யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குக் காரணம் இல்லை. பணிமூப்பு விதி இயல்பாகவே இப்படி முடிகிறது.

இன்னொரு சிக்கல், இந்தத் தொழில் தனிமையானது. மருத்துவமனையில் ஒரு நோயாளியை நாலு பேர் பார்ப்பார்கள். நீதிமன்றத்தில் ஜூனியர் திணறுவது ஊருக்கே தெரியும். வகுப்பறையில் கதவைச் சாத்தியதும் உள்ளே ஒரே ஒரு பெரியவர்தான். தான் சரியாகச் செய்கிறோமா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். ஆசிரியர் அறையில் போய், ‘எட்டாம் வகுப்பு பி பிரிவை என்னால் அடக்க முடியவில்லை’ என்று சொல்ல வெட்கம். சொன்னால், ‘முதல் வாரமே ரெண்டு வைக்க வேண்டியதுதானே’ என்ற அறிவுரை கிடைக்கலாம். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்திருக்கிறது. தடைக்குப் பதிலாக என்ன செய்வது என்பதைச் சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை.

பி.எட். படிப்பில் இது எல்லாம் வந்திருக்காதா? பாதி வரும். பாடக்குறிப்பு எழுதவும் ஒரு பாடவேளையை நடத்தவும் அங்கே பழகுகிறார்கள். ஒரே வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் சரளமாகப் படிப்பவரும் இருக்கும்போது 40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது, பருவத் தேர்வுக்கு முன் பாடத்தை எந்த வேகத்தில் நகர்த்துவது, கோபமாக வரும் அப்பாவிடம் எப்படிப் பேசுவது, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவையும் பாடத்தையும் எப்படி ஒரே நாளில் முடிப்பது என்பதெல்லாம் முழுப் பொறுப்பு தோளில் ஏறிய பிறகுதான் கேள்வியாகவே மாறும். கேள்வி எழும் நேரத்தில் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதே பணிநுழைவு ஆதரவின் முழு நியாயமும்.

## இங்கிலாந்து என்ன செய்தது?

பெயரளவில் வழிகாட்டி வைத்துக்கொள்ளும் நாடுகள் பல. அதைச் சட்டக் கடமையாக்கி, மணிக்கணக்கில் அளந்து, நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடத்திப் பார்த்ததற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்து. அதன் நல்லது கெட்டது இரண்டும் நமக்குப் பயன்படும்.

அங்கே புதிய ஆசிரியருக்கு முன்பு ஒரு தகுதிகாண் ஆண்டு இருந்தது. அதை 1992இல் எடுத்துவிட்டார்கள். 1999இல் ஓராண்டுப் பணிநுழைவுக் காலம் சட்டப்படி வந்தது. அப்படியும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஐந்தாண்டுக்குள் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளை விட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஆள் எடுப்பதைவிட எடுத்த ஆளை வைத்துக்கொள்வது கடினமானது. 2019 ஜனவரியில் இதற்கென ஒரு புதிய செயல்திட்டத்தை அரசு வெளியிட்டது. 2020 செப்டம்பரில் சில பகுதிகளிலும், 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கூறுகள்:

1. காலம் ஓராண்டிலிருந்து 2 ஆண்டாக உயர்ந்தது.

2. முதலாண்டில் புதியவரின் பாடவேளை மற்றவர்களைவிட 10% குறைவு, இரண்டாம் ஆண்டில் 5% குறைவு. எல்லா ஆசிரியர்களுக்கும் பாடத் தயாரிப்புக்கென்று குறைந்தது 10% நேரம் ஏற்கெனவே உண்டு. இது அதற்கு மேல். அதாவது முதலாண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் அவர் வகுப்பில் இல்லை.

3. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர். அவருக்கும் பயிற்சி உண்டு. முதலாண்டில் வாரம் ஒரு முறையும், இரண்டாம் ஆண்டில் இரு வாரத்துக்கு ஒரு முறையும் சந்திப்பு.

4. மதிப்பீடு செய்பவர் வேறு ஒருவர். பள்ளியிலேயே பணிநுழைவுக்குப் பொறுப்பான இன்னொரு ஆசிரியர். விதிவிலக்கான சூழல் தவிர இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

5. முறையான மதிப்பீடு இரண்டே முறை, ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும். இடையில் வரும் பருவங்களில் நடப்பது முன்னேற்றம் பற்றிய உரையாடல்.

6. நடத்தை மேலாண்மை, கற்பிக்கும் முறை, பாடத்திட்டம், மதிப்பிடுதல், தொழில்முறை நடத்தை என ஐந்து பகுதிகளில், என்ன கற்க வேண்டும் என்ற வரிசை.

இந்த ஆறில் பணம் செலவாகும் இடம் இரண்டாவதும் மூன்றாவதும். ஒருவரின் பாடவேளையைக் குறைத்தால் அந்த வகுப்பை வேறொருவர் எடுக்க வேண்டும். வழிகாட்டியின் நேரத்துக்கும் அதே கணக்கு. இரண்டாம் ஆண்டின் 5% நேரத்துக்கும் வழிகாட்டியின் நேரத்துக்கும் பள்ளிகளுக்கு அரசு தனி நிதி ஒதுக்கியது. வழிகாட்டல் என்ற சொல்லுக்கு அங்கே கால அட்டவணையிலும் வரவுசெலவிலும் ஓர் இடம் கிடைத்தது. என் பார்வையில் அந்தச் சீர்திருத்தத்தின் உயிர் இதுதான். பாடப்பொருள் வரிசையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

குறைகளும் கொஞ்சமில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்ததையே திரும்பப் படிக்க வைக்கிறார்கள் என்று புதியவர்கள் சொன்னார்கள். வழிகாட்டிகளுக்கு அவர்கள் வேலைக்கு மேல் இன்னொரு பயிற்சியும் படிவங்களும் சேர்ந்தன. இசை, உடற்கல்வி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பள்ளி என எந்த இடத்தில் இருப்பவருக்கும் பொதுவான உதாரணங்களே வந்தன. அதனால் பணிமுன் பயிற்சியின் செயல்திட்டத்தையும் இதையும் ஒன்றாக இணைத்து 2024 ஜனவரியில் திருத்தினார்கள். 2025 செப்டம்பர் முதல் இதற்குப் புதிய பெயரும் வந்திருக்கிறது. ‘தொடக்ககால ஆசிரியரின் உரிமை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். வழிகாட்டிகளுக்கான பயிற்சியை ஓராண்டாகச் சுருக்கிவிட்டார்கள். பாடவேளைக் குறைப்பிலும் இரண்டு ஆண்டுக் காலத்திலும் கை வைக்கவில்லை.

இங்கிலாந்துக்கு முன்பே இந்த வழியில் போனவர்களும் உண்டு. ஜப்பான் 1988இல் சட்டத்தைத் திருத்தி, 1989இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஓராண்டுப் பணிநுழைவுப் பயிற்சியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஸ்காட்லாந்தில் 2002 முதல், படிப்பை முடித்தவருக்கு ஓராண்டுப் பயிற்சிப் பணியிடம் உறுதி. சிங்கப்பூரில் புதிய ஆசிரியருக்கு வழக்கமான பணிச்சுமையில் ஏறக்குறைய 80% மட்டும் தருகிறார்கள்.

## அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்?

‘எப்படிப் போகுது? ஏதாவது பிரச்சினைன்னா சொல்லுங்க’ என்று கேட்பது அன்பு. அதை வழிகாட்டல் என்று சொல்ல முடியாது. நல்ல வழிகாட்டல் எவ்வளவு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம்.

ஆறாம் வகுப்பு, பின்னங்கள். புதிய ஆசிரியர் நன்றாகவே விளக்குகிறார். முடித்துவிட்டு ‘புரிஞ்சுதா?’ என்கிறார். ‘புரிஞ்சுது சார்’ என்று வகுப்பே கோரஸாகச் சொல்கிறது. அடுத்த கணக்குக்குப் போகிறார். மாலையில் நோட்டைத் திருத்தும்போது பாதிப் பேர் இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். அவர் மனம் உடைந்துபோகிறது. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார்.

பின் பெஞ்சில் 15 நிமிடம் உட்கார்ந்திருந்த வழிகாட்டி வேறொன்றைப் பார்த்திருப்பார். கேள்விகளுக்குத் தனியாகப் பதில் சொன்னவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் முதல் இரண்டு வரிசை. கோரஸுக்குள் புரியாதவர்கள் ஒளிந்துகொண்டார்கள். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து நோட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, தவறை வகைப்படுத்துகிறார்கள். ‘அடுத்த வாரம் ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். புரிஞ்சுதா என்று கேட்காமல், ஒரு கணக்கைக் கொடுத்து எல்லோரையும் விடையை எழுதித் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்’ என்கிறார் வழிகாட்டி. கேள்வியை எப்படி அமைப்பது, தவறான விடை அதிகமாக வந்தால் அடுத்து என்ன சொல்வது என்று அங்கேயே ஒருமுறை பேசிப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் வழிகாட்டி திரும்ப வருகிறார், அந்த ஒன்றை மட்டும் பார்க்க.

இவ்வளவுதான். ஆனால் இதற்கு என்னென்ன வேண்டியிருந்தது பாருங்கள். வழிகாட்டிக்கும் கணக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடவேளையில் அவருக்கு வகுப்பு இருக்கக் கூடாது. மாலையில் இருவருக்கும் உட்கார நேரம் வேண்டும். அடுத்த வாரமும் இதே நேரம் கிடைக்க வேண்டும். முக்கியமாக, நோட்டைக் காட்டினால் அது தனக்கு எதிராகத் திரும்பாது என்ற நம்பிக்கை புதியவருக்கு வேண்டும்.

## உதவுபவரே மதிப்பெண் போட்டால்?

அந்த நம்பிக்கை நல்ல மனதால் மட்டும் வராது. அமைப்பு அதைத் தர வேண்டும். நம் பள்ளிகளில் ஒருவர் வகுப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ‘ஆய்வு’. பாடக்குறிப்பேடு எங்கே, மாணவர் வாசிப்புத் திறன் என்ன, பதிவேடு முடிந்திருக்கிறதா. ஆய்வுக்கு வருபவர் முன்னால் எந்த ஆசிரியரும் தனக்கு நன்றாக வரும் பாடத்தைத்தான் எடுப்பார். வராத பாடத்தை எடுத்துக்காட்டி ‘இது எனக்கு வரலை, சொல்லிக்கொடுங்க’ என்று கேட்க மாட்டார். கேட்கும்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மதிப்பீடு தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிள்ளைகளின் நலன் கருதி அது தேவை. இங்கிலாந்தில் இரண்டாண்டு முடிவில் தேறாதவர், மேல்முறையீட்டிலும் தோற்றால், உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ள அரசுப் பள்ளிகளில் வகுப்பெடுக்க முடியாது. கடுமையான விதிதான். அந்தக் கடுமை இருக்கும் அமைப்பிலேயே வழிகாட்டியையும் மதிப்பீட்டாளரையும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

## இதனால் பலன் உண்டா?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் இங்கர்சாலும் மைக்கேல் ஸ்ட்ராங்கும் 2011இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆதரவு பெற்ற புதிய ஆசிரியர்கள் வேலையில் நீடிப்பதிலும், கற்பிப்பதிலும், அவர்களுடைய மாணவர் கற்றலிலும் பெரும்பாலும் நல்ல விளைவு தெரிந்தது என்றார்கள்.

ஆனால் அதற்கு ஓராண்டு முன் வெளிவந்த ‘மேத்தமேட்டிகா’ நிறுவனத்தின் ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்காவின் 17 பள்ளி மாவட்டங்கள், 418 தொடக்கப் பள்ளிகள், 1,009 புதிய ஆசிரியர்கள். குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து நடத்திய பெரிய சோதனை அது. ஓராண்டு மட்டும் ஆதரவு பெற்றவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாண்டு பெற்றவர்களிடம் முதல் இரண்டு ஆண்டில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் அவர்களுடைய மாணவர்களின் தேர்ச்சியில் முன்னேற்றம் வந்தது. வேலையில் நீடிப்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு வழிகாட்டி ஏற்கெனவே இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2018இல் மேத்யூ கிராஃப்டும் உடன் ஆய்வாளர்களும் 60 ஆய்வுகளைத் திரட்டி, வகுப்பறைக்குள் வந்து தனித்தனியே பயிற்றுவிப்பது கற்பிக்கும் தரத்தை நன்றாகவே உயர்த்துகிறது என்று காட்டினார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் தேய்கிறது. நூறு ஆசிரியர்களுக்கு நன்றாக நடந்தது ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரியும்போது நீர்த்துப்போகிறது.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் எனக்குப் புரிவது, ஓராண்டில் முடிவைக் கேட்கும் திட்டம் ஏமாற்றும், பலன் பிந்தி வரும் என்பது. அரசாங்கங்களுக்குப் பிடிக்காத விடை இது.

## இந்தியாவில் பேசப்படுவது எது?

தேசியக் கல்விக் கொள்கை 2020, ‘தேசிய வழிகாட்டல் இயக்கம்’ ஒன்றைத் தொடங்கச் சொன்னது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதற்கான கையேட்டை உருவாக்கியது. 2022 ஜூலையில் 30 மத்தியப் பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கியது. கேந்திரிய வித்யாலயா 15, நவோதயா 10, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் 5. 2024 மார்ச்சில் அந்தக் கையேடும், ஆசிரியர்களுக்கான தொழில்முறைத் தரநிலைகளும் சேர்ந்து வெளியாயின.

இரண்டும் வேறு வேறு. தரநிலைகள் என்பவை ஓர் ஆசிரியர் எந்தக் கட்டத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுப்பவை. வழிகாட்டல் இயக்கம் என்பது விருப்பமுள்ள திறமையான ஆசிரியர்களை, ஓய்வு பெற்றவர்கள் உட்பட, இணையத் தளம் மூலம் மற்ற ஆசிரியர்களோடு இணைக்கும் ஏற்பாடு. வயதோ பதவியோ தடையில்லை. நல்ல யோசனை. ஆனால் மேலே பார்த்த பொருளில் இது பணிநுழைவு ஆதரவு ஆகாது. புதியவருக்கு மட்டுமென்று அது ஒதுக்கப்படவில்லை, அவருடைய பாடவேளையைக் குறைக்கவில்லை. வழிகாட்டி திரையில் இருப்பதால், கோரஸில் ஒளிந்துகொண்ட பிள்ளையைப் பார்க்க முடியாது. பாட அறிவு பற்றிய ஐயத்துக்கும் மனச்சோர்வுக்கும் அது உதவும். வகுப்பு நடத்தும் பழக்கத்தை மாற்ற அதே வகுப்பில் உட்கார ஆள் வேண்டும். டெல்லியில் 2016இல் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 200 பேரை வழிகாட்டி ஆசிரியர்களாகத் தேர்ந்தெடுத்து, ஆளுக்குச் சில பள்ளிகள் என்று அனுப்பியது அந்த வகையில் நெருக்கமான முயற்சி.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கவலை ஆசிரியர்கள் ஓடிவிடுவார்கள் என்பது. நம் ஊரில் தனியார் பள்ளிகளுக்கு அது பொருந்தும். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுப் போவது அரிது. தமிழ்நாட்டில் 30 வயதில் சேருபவர் 60 வரை பணியில் இருப்பார். ஆகவே இங்கே இழப்பு வேறு மாதிரி வரும். முதல் இரண்டு ஆண்டில் திணறித் திணறி, தனியாக, ‘எப்படியோ சமாளித்தால் போதும்’ என்று கண்டுபிடித்த வழி எதுவோ, அதுவே 30 ஆண்டுப் பழக்கமாக இறுகிவிடும். கோனார் நோட்ஸிலிருந்து எழுதிப்போடுவதாக இருக்கலாம், கோரஸாக இருக்கலாம், பிரம்பாகவும் இருக்கலாம். அந்தப் பழக்கத்துக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்துபோவார்கள். ‘ஓடிவிடுவார்கள்’ என்ற காரணம் இல்லாததால் இங்கே வழிகாட்டல் தேவையில்லை என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். இங்கே தேவை இன்னும் அதிகம்.

## ஈராசிரியர் பள்ளியில் வழிகாட்டி எங்கே இருப்பார்?

இங்கிலாந்து முறையை அப்படியே எடுத்துவர முடியாததற்குக் காரணம் பள்ளியின் அளவு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ அப்படி ஒரு பள்ளியில் சேரும் இடைநிலை ஆசிரியருக்கு, உடன் இருப்பவர் தலைமையாசிரியர் மட்டுமே. அவர் கையிலும் இரண்டு மூன்று வகுப்பு, அலுவலகக் கூட்டம், மற்ற பொறுப்புகள். அவரே மதிப்பீட்டாளர், அவரே மேலதிகாரி. வழிகாட்டிக்குப் பள்ளிக்குள் ஆளே இல்லை.

உயர்நிலைப் பள்ளியிலும் பாதி இதே கதைதான். அறிவியலுக்கு ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர் என்றால், அந்தப் பாடத்தில் பேச அவருக்கு ஆள் இல்லை. தமிழாசிரியர் அன்பாகப் பேசலாம், ஒளியியலைச் சொல்லித்தர முடியாது.

ஆகவே வழிகாட்டி பள்ளிக்கு வெளியே, குறுவள மைய அளவில்தான் கிடைப்பார். இதற்கான கட்டமைப்பு தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. வட்டார வள மையங்களும் அங்கே ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்றுநர் என்ற பணியின் பெயரிலேயே இந்த வேலை இருக்கிறது. நடைமுறையில் அவர்களுடைய நாள் புள்ளிவிவரம் திரட்டுவதிலும், பொருள் வழங்கலைச் சரிபார்ப்பதிலும், கூட்டங்களிலும் கரைகிறது. பள்ளிக்குள் அவர்கள் நுழையும்போது ஆசிரியர்களுக்கு ‘ஆய்வு’ என்ற நினைப்பு வருவதும் அதனால்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலிருந்து வரும் வேலைப் பட்டியல் அப்படி.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். அதே அட்டவணை, ஆசிரியரின் வேலை நேரத்தை வாரத்துக்குக் குறைந்தது 45 மணி என்று சொல்லும்போது, பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதில் சேர்த்தே சொல்கிறது. தயாரிப்பும் வேலைதான் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வழிகாட்டியோடு உட்காரும் நேரத்தை அதன் கீழ் கொண்டுவருவது பெரிய தாவல் இல்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. வாரம் 28 பாடவேளை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் ஒருவரைக் கொள்வோம். 10% குறைத்தால் ஏறக்குறைய 3 பாடவேளை. ஒன்று வழிகாட்டியோடு பேச, ஒன்று அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பைப் போய்ப் பார்க்க, ஒன்று அதை வைத்து அடுத்த வாரத்தைத் திட்டமிட. ஒரு குறுவள மையத்தில் அவரைப் போல நான்கு புதியவர்கள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் வாரம் அரை நாள் என்று வைத்தாலும் வழிகாட்டிக்கு வாரம் இரண்டு நாள் தேவை. அந்த வழிகாட்டி வகுப்பெடுப்பதை நிறுத்திவிட்டவராக இருந்தால் சீக்கிரமே இன்னொரு அலுவலராக மாறிவிடுவார். ஆகவே வாரத்தில் மூன்று நாள் தன் வகுப்பில் இருக்கும் ஆசிரியராகவே அவர் இருப்பது நல்லது. மற்ற இரண்டு நாள் அவருடைய வகுப்பில் யார் நிற்பார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வரும், மலைப்பள்ளிக்குப் போய்வர வழிகாட்டிக்குப் பயணப்படி உண்டா என்பவற்றை அரசாணை எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி ஓர் ஆணை வந்தால், முதல் பத்தியில் இருக்கும் நோக்கங்களைத் தாண்டி நேராக இந்த மூன்று வரிகளைத் தேடிப் படிக்கலாம்.